தேவா அனுப்பிய காற்று

உலகத்தில் சோம்பேறி என்றோர் இனம் உண்டு; அதைப் பற்றி நமக்குக் கவலையில்லை, அது யாரையும் தொந்தரவு செய்யாது. இது வேறு இனம். அடுத்தவர் கஷ்டப்படக் கூடாதே என்று ராப்பகலாய்ப் பாடுபட்டு, அவர் அதுவரை படாத கஷ்டத்தையும் தேடிக் கொண்டுவந்து சேர்க்கிற இனம். சௌகரியம் செய்து தருகிறவர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். உங்கள் தெருவிலும் ஒருவராவது இருப்பார். மரக்காணத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தேவா இதில் முதல் தரம்.

அவன் மனைவி அம்சவள்ளிக்கு உப்பளத்தில் வேலை. விடியுமுன் போய், வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் கரையில் குவித்துவிட்டு, காலெல்லாம் உப்புத் தண்ணீர் அரித்து எரிய வீடு திரும்பி, ஒரு வாய் சாப்பிட்டுப் படுப்பாள். அந்த மத்தியானத் தூக்கம் இல்லையென்றால் மறுநாள் அவளால் அளத்தில் நிற்க முடியாது. அதற்கு வேண்டியது ஒரு ஃபேன், ஒரு ரிமோட். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. நன்றாக இருப்பதைக் கண்டால் இந்த இனத்துக்குக் கை சும்மா இருக்குமா?

“நீ ஏன் பட்டன் அமுக்கணும்? நான் கடையிலேர்ந்தே அனுப்பறேன்” என்றான் தேவா.

“ரிமோட்டு தலமாட்டுலதாங்க கெடக்குது.”

“அத கைய நீட்டி எடுக்கணுமில்ல!”

அன்று ராத்திரியே செய்து முடித்தான். பழைய சோப்பு டப்பாவுக்குள் சொன்னதைச் செய்கிற குட்டிக் கம்ப்யூட்டர் மாதிரி ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, அதன் முனையில் ரிமோட்டில் இருப்பது போலவே ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு. டப்பா, ரிமோட்டின் சிக்னலை ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டு, செல்போனிலிருந்து இன்டர்நெட் வழியாக உத்தரவு வந்ததும் அதையே கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமாய் ஃபேனுக்கு அனுப்பும். செல்போனில் தட்டினான், ஃபேன் ஓடியது. அம்சவள்ளிக்கே கொஞ்சம் பெருமைதான்.

ஆனால் ஃபேனைப் போடவும் நிறுத்தவும் ரிமோட்டில் ஒரே பட்டன். டப்பா அனுப்புமே தவிர, ஃபேன் ஓடுகிறதா நிற்கிறதா என்று அதற்குத் தெரியாது. தேவாவும் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆள் இல்லை. மறுநாள் மத்தியானம் அவள் படுத்ததும் கடையிலிருந்து அனுப்பினான். ஓடியது. ‘போய்ச் சேரலன்னா பாவம், வேர்த்துப்போவாளே’ என்று இன்னொன்று அனுப்பினான். நின்றது. அவள் வேர்த்து விழித்து ரிமோட்டை அமுக்கினாள். அந்த நேரம் பார்த்து அவனுக்கு மறுபடியும் பாசம் பொங்கியது.

போன் போட்டாள். “இன்னாங்க, ஃபேன் நின்னு நின்னு போவுது!”

“நின்னுடுச்சா? இரு, அனுப்பறேன்.”

“ஐயோ, இப்பதாங்க போட்டேன், ஓடுது! அனுப்பாதீங்க...”

அனுப்பிவிட்டான்.

அம்சவள்ளி எழுந்தாள். டப்பாவின் ப்ளக்கைப் பிடுங்கி எறிந்தாள், ரிமோட்டில் ஃபேனைப் போட்டாள், படுத்தாள். அப்பாடா! படுத்ததுதான் தெரியும், குறட்டையே வந்துவிட்டது.

அங்கே கடையில் செல்போன், டப்பா வேலை செய்யவில்லை என்று காட்டியது. பதறிப்போனான் தேவா. வந்திருந்த கஸ்டமரை அப்படியே உட்காரவைத்துவிட்டு வண்டியில் பறந்து வந்தான். ஃபேன் சுற்றுகிறது, மனைவி தூங்குகிறாள். வேறு யாராவது என்றால் சத்தம் போடாமல் திரும்பியிருப்பான். இவன் ப்ளக்கைச் சொருகி, செல்போனில் தட்டினான். ஃபேன் நின்றது. அவள் தோளைத் தட்டி எழுப்பினான்.

“வள்ளி, பாரு, ஃபேன் நின்னுபோயிருக்குது. நல்லவேள, நான் வந்தேன்!”

அவள் எழுந்தாள். தலையணையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மேரிசெல்வியிடம் போய் உள்பக்கம் தாழ்போட்டுக்கொண்டாள். அந்த வீட்டு ஜன்னலைப் பார்த்தபடி, அங்கேயும் ஒரு டப்பா வைத்தால் என்ன என்று தேவா யோசித்துக்கொண்டிருக்கிறான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அயர்ந்து தூங்கியவரைத் தட்டி எழுப்பி, “தலையணை சரியா இருக்குதா?” என்று அன்பாய் விசாரித்தது யார் என்று உங்கள் வீட்டிலும் ஒருநாள் கேட்டுப் பாருங்கள். தயவுசெய்து, அவர்கள் தாமாக விழித்த பிறகு கேளுங்கள்.