தைத்து மூடிய நீதிமன்றம்

அன்பும் பிடிவாதமும் சம அளவில் வாய்த்த என் மருமகளுக்கு, திரைச்சீலைத் தையலில் எட்டுத் திசையும் புகழ்பெற்ற உன் தாய்மாமன் எழுதுவது. நான் நலம், தையல் மெஷினும் நலம். அக்காவையும் உன்னையும் எந்தக் குறையும் அண்டாதிருக்கட்டும். இனி நான் சொல்லப்போவதை ஒரு ஜீவனும் நம்பாது என்று என் கத்தரிக்கோல்மேல் சத்தியம் செய்கிறேன்.

உன் அப்பாவை ஜீப்பில் ஏற்றிப் போன நாள் முதல் நீ ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை, எல்லா இடத்திலும் "அப்படி ஒரு ஆளே கிடையாதும்மா" என்று கையை விரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதே வாரம்தான் நீதிமன்றத்திலிருந்து என்னைத் தேடி ஆள் வந்தது. ரகசிய விசாரணையாம், ஒரு கண்ணும் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாதாம், சுற்றிலும் திரை வேண்டுமாம். நான் வானத்துக்கே அளவெடுக்கிறவன், விடுவேனா? கூண்டைச் சுற்றினேன், வக்கீல்களைச் சுற்றினேன், நீதிபதியையும் சேர்த்துச் சுற்றினேன், கடைசித் தையல் போட்டு நூலைப் பல்லால் கடித்த பிறகுதான் தெரிகிறது, வாசல் வைக்க மறந்து நானும் உள்ளேயே நிற்கிறேன்!

உள்ளே கும்மிருட்டு. "என்னய்யா குற்றம்?" என்றார் நீதிபதி. "ரகசியம் ஐயா, எனக்கே சொல்லல" என்றார் அரசு வக்கீல். "எந்தச் சட்டம்?" "காலையில போட்டாங்க, மத்தியானம் மாத்திட்டாங்க, இப்ப இருக்கிறது இன்னும் அச்சாகல." எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "நீங்க மனசுக்குள்ளயே வாதாடுங்க, போதும்" என்று உட்கார வைத்துவிட்டார்கள். மனிதர் வாதாடிய வேகத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. "சரி, தீர்ப்பு எப்போ?" "அது போன வாரமே வந்தாச்சு ஐயா, விசாரணைதான் பாக்கி."

அப்போது எங்கிருந்தோ ஒரு காற்று. திரை பாய்மரம்போல் உப்பியது, கட்டடத்தைக் கீழேயே விட்டுவிட்டு நீதிமன்றம் மட்டும் மெல்ல எழுந்து மிதந்தது. ஊசித் துளைகள் வழியாக வெளிச்சம் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சிந்தியது. மொட்டைமாடிகளில் காய்ந்த சட்டைகள் எங்களுக்குக் கையசைத்தன. நீதிபதி குறட்டை விட, மேகங்கள் ஓசையின்றி விலகி வழி கொடுத்தன. அந்தப் பஞ்சு அமைதியில், கூண்டுப் பக்கமிருந்து ஒரு தும்மல். உடனே, "சனியன் பிடிச்ச மூக்கே, இடம் பொருள் தெரியாது உனக்கு?" என்று ஒரு அதட்டல். தும்மிவிட்டுத் தன் மூக்கோடேயே சண்டைக்குப் போகிறவர் உலகத்தில் ஒரே ஒருத்தர். அவரைத்தான் என் அக்கா கட்டிக்கொண்டாள். நான் "மச்சான்!" என்று கத்துவதற்குள் தையல் பிரிந்து, தெருவில் ஒரு மெத்தை வண்டிமேல் விழுந்து பிழைத்தேன்.

அக்காவுக்கு என் வணக்கம். உனக்கு, நூலறுந்தாலும் முடிச்சவிழாத வாழ்வு வாய்க்க ஆசிகள்.

இப்படிக்கு,
பூமிக்குத் திரும்பிய உன் மாமன்

பின்குறிப்பு: நீதிமன்றம் பறக்கவில்லை. வாசல் வைத்துத்தான் தைத்தேன். நீதிபதியை நான் கண்ணாலும் பார்க்கவில்லை, திரையை மாட்டியதும் என்னை வராந்தாவுக்குத் தள்ளிவிட்டார்கள். வழியில் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறவர் நாங்கள் பறக்கத் தொடங்கிய இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டு உறையை ஒட்டியிருப்பார், அதற்காகத்தான் இவ்வளவு புளுகும். திரைக்குப் பின்னால் கேட்ட தும்மலும், மூக்கு வாங்கிய திட்டும் மட்டும் நிஜம். அக்காவிடம் உடனே சொல்.