முதுகு காட்டிய மயில்கள்

கல்லூரியில் முப்பதாண்டுக் காலம் கணிதம் கற்பித்தவள் நான். அந்த முப்பதாண்டுகளில் வகுப்பறையில் என் தவற்றை நானே ஒப்புக்கொண்ட சந்தர்ப்பம் ஒன்றுகூட இல்லை. கரும்பலகையில் கூட்டல் குறிக்குப் பதிலாகக் கழித்தல் குறி விழுந்துவிட்டால், "எத்தனை பேர் கவனிக்கிறீர்கள் என்று பார்த்தேன்" என்று சொல்லி அழித்துவிடுவேன். (கவனித்துச் சொன்ன பெண்ணுக்கு அந்தப் பருவம் முழுவதும் கடினமான கேள்விகளாகவே வரும். அது தற்செயல் என்றே இன்றும் சாதிக்கிறேன்.) இப்படிப்பட்டவள் ஒரு கல்யாணக் கூடத்தில், ஊஞ்சலை நிறுத்தி வைத்துக்கொண்டு, இரண்டு குடும்பத்து உறவினர்கள் முன்னிலையில் 'தவறு என்னுடையதுதான்' என்று சொல்ல நேர்ந்தது. அந்தக் கதையை எங்கள் வீட்டில் அவரவர் இஷ்டத்துக்குக் கைச்சரக்கு சேர்த்துச் சொல்லிக்கொண்டிருப்பதால், நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது என் கடமையாகிறது.

புத்தாயிரம் பிறந்த புதிதில் கணினிப் பாடமும் எங்கள் துறையின் தலையில் விழுந்தது. கற்றுக்கொண்டேன். அதோடு நில்லாமல், பட்டுப் புடவை வடிவமைப்புக்கென்று நானே மூன்று மென்பொருள்கள் எழுதினேன்: கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, முந்திக்கு ஒன்று. திரையில் வரைந்த உருவம் கட்டம் கட்டமாகப் பிரிந்து தாளில் அச்சாகி வரும். தாளைப் பார்த்து அட்டைகளில் துளை போடுவார்கள். அந்த அட்டைகளைக் கோத்துத் தறியின் மேல் மாட்டினால், துளை சொல்கிறபடி புடவையில் உருவம் விழும். காஞ்சிபுரத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. நான் எழுதியதில் புதுமை வேறு இடத்தில் இருந்தது.

மூன்று மென்பொருள்களுக்குமே மயில் வேண்டும். மயிலை மூன்று இடங்களில் மூன்று முறை எழுதுவது மடத்தனம். ஆகவே மயில், அன்னம், மாங்காய் எல்லாவற்றையும் வரையும் வேலையையும், ஓர் உருவத்தைக் கண்ணாடியில் காட்டுவதுபோலத் திருப்பி ஜோடியாக்கும் வேலையையும் தனியாக ஒரே கோப்பில் வைத்தேன். இதற்கு லைப்ரரி என்று பெயர். மூன்று மென்பொருள்களிலும், 'மயில் வேண்டுமானால் அங்கே போய்க் கேட்டுக்கொள்' என்று ஒரு குறிப்பு மட்டும் இருக்கும். அதற்கு ரெஃபரன்ஸ் என்று பெயர். ஒரே மயில், மூன்று வாசல்கள். அந்த அமைப்பை நினைத்து நினைத்து நானே பூரித்துப்போவேன்.

கணினிப் பாடத்தில் எனக்கு அடுத்தபடியாக இருந்த விரிவுரையாளர் சகுந்தலா (அடுத்தபடியாக என்பதை அழுத்தி வாசிக்கவும்) ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"மேடம், லைப்ரரிய மாத்தும்போது பழசையும் நம்பர் போட்டு ஒரு பக்கம் வெச்சுக்கலாமே? எந்தப் புரோகிராம் எந்த நம்பரை யூஸ் பண்ணுதுன்னு தெரியும்."

"தன் வேலையில் நம்பிக்கை இல்லாதவர்கள்தாம் பழையதைச் சேர்த்து வைப்பார்கள், சகுந்தலா" என்றேன். அந்த வாக்கியம் எனக்கே மிகவும் பிடித்துப்போயிற்று. அன்று மாலை என் கணவரிடமும் ஒரு முறை சொன்னேன்.

இந்த நிலையில்தான் என் நாத்தனார் கோதை வந்தாள். அவளுடைய ஒரே பெண் வசுதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"மன்னி, ஊஞ்சலுக்கு உக்காரச்சே கட்டிக்க வசுதாக்கு ஒரு புடவை வேணும். கடையில வேண்டாம். நீங்க போட்ட டிசைனா இருக்கட்டுமே."

இதன் கனம் வாசகருக்குப் புரிய வேண்டும். எம்.எஸ்ஸி. படித்த மருமகளாக நான் சின்ன காஞ்சிபுரத்தில் அந்த வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து, கோதை என்னிடம் ஓரடி தள்ளி நின்றே பேசியவள். என் புருவம் சற்று உயர்ந்தாலே பேச்சைப் பாதியில் நிறுத்திக்கொள்வாள். அவள் வாய்விட்டு என்னிடம் கேட்ட முதல் காரியம் இதுதான். கரை நெடுக ஜோடி மயில்கள், ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவே ஒரு தூண். ஒவ்வொரு ஜோடியும் மூக்கோடு மூக்கு வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும். திரையில் அதைக் கண்டதும் கோதை தன்னை மறந்து என் தோளில் கை வைத்தாள்.

"ரெண்டும் என்னமோ ரகசியம் பேசிண்டிருக்காப்பல இருக்கு, மன்னி."

தறி காலியாக இன்னும் பத்து நாள் ஆகும் என்றார் நெசவாளர் ஏகாம்பரம். பிள்ளையார்பாளையத்துக்காரர். ஏறத்தாழ என் வயதுதான். அவசியமில்லாமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்தப் பத்து நாளுக்குள் பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார்.

"அம்மா, நீங்க போட்டுக் குடுத்த முந்தியில மயிலுங்க ஒண்ண ஒண்ணு மொறைச்சிக்கினு இருக்குதுன்றாங்க வர்றவங்க. ரெண்டும் வெளிப்பக்கம் பாக்குற மாதிரி பண்ணிக் குடுங்கம்மா."

முறைப்படி முந்தி மென்பொருளுக்குள் அதற்கென்று தனியாக எழுதியிருக்க வேண்டும். அரை நாள் வேலை. நானோ லைப்ரரியைத் திறந்தேன். ஜோடியாக்கும் இடத்தில் ஒரே ஒரு வரியைத் திருப்பினேன். பழையதன் மேலேயே சேமித்தேன். நான்கு நிமிடம். முந்தி மயில்கள் சொன்னபடி வெளிப்பக்கம் பார்த்தன. கடைக்காரர் கும்பிட்டார். நான் தலையை மட்டும் அசைத்தேன். (அந்நாளில் நான் தலையசைப்பதையே ஒரு பட்டமளிப்பு விழா போலச் செய்வேன்.)

பத்து நாள் கழித்து, கோதையின் கரையை அச்செடுத்து, தாள்களை மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு ஏகாம்பரத்திடம் கொடுத்தேன். பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்துப் பார்த்து ஒப்புதல் பெற்ற ஒன்றை மறுபடி எதற்குப் பார்ப்பது?

நான்காம் நாள் ஏகாம்பரம் கல்லூரிக்கே சைக்கிளில் வந்துவிட்டார். ஆசிரியர் அறையில் எல்லோரும் மதிய உணவுக்கு உட்கார்ந்திருந்தோம்.

"டீச்சரம்மா, ஒரு சந்தேகம். மயிலு ரெண்டும் மூஞ்சத் திருப்பிக்கினு நிக்குது. சரிதானா?"

"கரை மென்பொருளை நான் தொடவே இல்லை, ஏகாம்பரம். தொடாதது எப்படி மாறும்? தாளைத் தலைகீழாகப் பிடித்திருப்பீர்கள்."

"தலகீழா புடிச்சா மயிலுக்குக் காலுதாம்மா மேல வரும்."

சகுந்தலா தன் டிபன் பாக்ஸுக்குள் எதையோ தீவிரமாகத் தேட ஆரம்பித்தாள். அவள் தோள்கள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. அந்தக் குலுங்கலுக்கு முன்னால் ஒரு தாளை வாங்கிப் பிரித்துப் பார்ப்பது என் கௌரவத்துக்குக் குறைவு என்று தோன்றியது.

"கணினி போட்டது கணக்கு. கணக்கு தவறாது. நெய்யுங்கள்" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "நீங்க சொன்னா சரிம்மா" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நெய்தார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு ஏகாம்பரமே புடவையை வெள்ளைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை, குற்றம் சொல்ல முடியாத நெசவு. பிரித்தேன். ஒரு ஜோடிகூட ஒன்றையொன்று பார்க்கவில்லை. கணவனும் மனைவியும் வழக்கு நாளன்று கோர்ட்டு வராந்தாவில் நிற்பதுபோல, ஒவ்வொரு மயிலும் துணைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்துத் தூணை முறைத்துக்கொண்டு நின்றது. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை.

"தொடவே இல்லையே" என்று மட்டும் சொன்னேன்.

ஏகாம்பரம் மெதுவாகக் கேட்டார். "கடைக்காரருக்கு முந்தி மாத்திக் குடுத்தீங்களாமே. அந்த மயிலும் இந்த மயிலும் ஒரே எடத்துலேர்ந்துதான் வருதாம்மா?"

"ஆமாம்."

"அப்ப அங்க மாத்துனா இங்கயும் மாறத்தானம்மா செய்யும்?"

நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

"எங்கள்லயும் ஒரே அட்டைய நாலு தறிக்காரங்க வாங்கி ஓட்டுறது உண்டும்மா. எந்தத் தறியில ஓடுதோ அந்தத் தறிக்கு ஒரு கலர்னு அட்டைக் கட்டுல நூலு முடிஞ்சி வெச்சிருப்போம். யாராச்சும் ஒரு துளைய மாத்தணும்னா, முடிச்ச எண்ணி, அத்தினி பேரையும் கேட்டுக்கினுதான் கை வெப்போம். உங்க கம்ப்யூட்டர்ல அதுமாதிரி முடிச்சு கிடிச்சு ஒண்ணும் இல்லியாம்மா?"

இருந்தது. அதைத்தான் சகுந்தலா சொன்னாள். நான்தான் வேண்டாமென்று அழகான வாக்கியம் சொன்னேன்.

அன்று சாயங்காலம் கோதை புடவையைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். மடித்து வைத்தாள். "பரவாயில்லை, மன்னி" என்றாள். திட்டியிருக்கலாம். அந்தப் 'பரவாயில்லை'யில் அவள் பழையபடி ஓரடி தள்ளிப் போய் நின்றுவிட்டது எனக்குக் கேட்டது. வசுதாதான், "மாமி எனக்காகப் போட்டது. நான் இதைத்தான் கட்டிப்பேன்" என்று புடவையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

என் கணவர் சம்ஸ்கிருத ஆசிரியர். நாலு பேர் சந்தேகம் கேட்டு வருகிற மனிதர். அவர் தனியாக என்னிடம் சொன்ன யோசனை இது: "யாராவது கேட்டா, கோயில் நூற்றுக்கால் மண்டபத்துல ஒரு தூண்ல இப்படித்தான் செதுக்கியிருக்கு, அதைப் பார்த்துப் போட்டதுன்னு சொல்லிடலாம். யார் போய் நூறு தூணையும் சுத்திப் பார்க்கப்போறா?" ஒப்புக்கொண்டேன். (ஆம், உடனே ஒப்புக்கொண்டேன். என்னிடமிருந்து வாசகர் வேறு என்ன எதிர்பார்த்தார் என்று தெரியவில்லை.)

ஊஞ்சலில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தார்கள். பெண்டுகள் பாடிக்கொண்டே, திருஷ்டி கழிக்கிற வண்ணச் சோற்று உருண்டைகளான பச்சைப்பிடியைச் சுற்றினார்கள். மூன்றாவது சுற்றில் மாப்பிள்ளையின் அத்தை குனிந்தாள், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

"இதென்ன கோதை, மயிலெல்லாம் கோவிச்சுண்டு நிக்கறது? ஊஞ்சல்ல உக்கார்ற பொண்ணுக்கு இப்படியா ஒரு கரை? பெத்தவ பார்த்து எடுக்கப்படாதோ?"

பாட்டு நின்றுவிட்டது. ஊஞ்சல் சங்கிலியை யாரோ பிடித்துக்கொண்டார்கள். கோதை என் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். என் கணவர் தொண்டையைக் கனைத்து, "நூற்றுக்கால் மண்டபத்துல..." என்று ஆரம்பித்தார்.

"அப்படி ஒரு தூண் கிடையாது" என்றேன். "கோதை மேல் தவறில்லை. கரையைப் போட்டது நான். மயில் சரியாகத்தான் இருந்தது. யாரையும் கேட்காமல் திருப்பியதும் நான்தான். நெசவாளர் வந்து கேட்டபோது பார்க்கமாட்டேன் என்றதும் நான்தான்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். முப்பதாண்டு வாத்தியார் வேலை யாரை விட்டது? லைப்ரரி என்றால் என்ன, ரெஃபரன்ஸ் என்றால் என்ன, ஓரிடத்தில் செய்த மாற்றம் மூன்று இடங்களில் எப்படித் தலைகாட்டும் என்பதைக் கல்யாணக் கூடத்தின் நடுவே நின்று விளக்கினேன். நாயனக்காரர் வாத்தியத்தை மடியில் கிடத்திவிட்டார். ஒரு மாமி கையிலிருந்த பச்சைப்பிடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

அப்போது ஊஞ்சல் ஆடத் தொடங்கியது. மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில்தான் ஆடியது. அவர் சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் என்பது எனக்கு அந்தக் கணத்தில்தான் நினைவு வந்தது.

"மாமி, வெர்ஷன் நம்பர் போடாம பழசு மேலயே சேவ் பண்ணிட்டேளா?"

"ஆமாம்."

"போன மாசம் நானும் அதையேதான் பண்ணினேன். எங்க டீம்ல அத்தனை பேர் புரோகிராமும் படுத்துடுத்து. யார் பண்ணினான்னு இன்னும் தேடிண்டிருக்கா. நான் வாயைத் திறக்கலை. நீங்க தேவலை." பிறகு அத்தையிடம் திரும்பினார். "புடவை ஜோரா இருக்கு அத்தை. பாட்டை ஏன் நிறுத்திட்டேள்?"

(மூன்றாவது வரிசையில் அவருடைய மேனேஜர் உட்கார்ந்திருந்தார் என்பது சாப்பாட்டுப் பந்தியில்தான் தெரிந்தது. தேடல் அன்றோடு முடிவுக்கு வந்தது.)

பாட்டு மறுபடி எழுந்தது. கோதை கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில், தோளோடு தோள் உரச நின்றாள். "மன்னி, நீங்க தப்புன்னு சொல்லி நான் கேட்டதே இல்லை" என்றாள். "இன்னொரு தரம் சொல்லுங்கோளேன்." சொன்னேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

திரும்பி வந்ததும் முதல் காரியமாக லைப்ரரியைச் சரிசெய்தேன். அப்போதும் பழையதன் மேலேயே சேமித்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுவதுதான் நேர்மை. இரண்டு மாதம் கழித்து வசுதா, அதே கோபித்த மயில்கள் ரவிக்கைக்கும் வேண்டும் என்று கேட்டபோது, என் கணினியில் அவை இல்லவே இல்லை. ஏகாம்பரத்தின் வீட்டு உத்தரத்தில் மட்டும் அட்டைகள் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன, ஒரு வெள்ளை நூல் முடிச்சோடு.

"வெள்ளை எந்தத் தறிக்கு?" என்றேன்.

"தறிக்கு இல்லம்மா. அது டீச்சரம்மா போட்டதுன்னு அடையாளம்" என்றார், முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல்.

அதற்குப் பிறகு என் கோப்புகள் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. எது எதை நம்பியிருக்கிறது என்று தலைப்பில் பட்டியலும் உண்டு. சகுந்தலாவிடம் இதை நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, பார்த்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டாள்.

எங்கள் குடும்பத்தில் எந்தத் தம்பதி பேச்சை நிறுத்தினாலும் இன்று அதற்கு ஒரே பெயர்தான்: மயில் திரும்பிடுத்து. சமாதானத்துக்குப் போகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வியும் எழுதிவைத்ததுபோல ஒன்றேதான். போன மாதம் வசுதா தொலைபேசியில் அழைத்தாள்.

"மாமா எங்கே மாமி?"

"இருக்கிறார். செய்தித்தாள் படிக்கிறார்."

"குரல் சரியில்லையே. மயில் திரும்பிடுத்தா?"

"மூன்று நாளாக."

"யார் லைப்ரரியை மாத்தினது?"

அவருடைய புத்தக அலமாரியை, அவரைக் கேட்காமல், நான் ஒழுங்குபடுத்தியிருந்தேன்.

"நான்தான்" என்றேன்.

எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் செய்தித்தாளை மடித்தார். எழுந்து, நாற்காலியை மெதுவாக இந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.