இரண்டு ஏஸும் ஒரு ஆகஸ்ட் லீவும்

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்திருக்கும் விடுப்பு வழங்கும் முறைகளிலேயே தலைசிறந்தது எங்கள் கம்பெனியின் முறைதான் என்பதை அடக்கத்துடன் இங்கே பதிவு செய்கிறேன். மற்ற கம்பெனிகளில் ஊழியர் லீவு கேட்கிறார். மேலாளர் 'சரி' என்கிறார், அல்லது 'முடியாது' என்கிறார். என்ன காட்டுமிராண்டித்தனம்! ஷார்ஜா தொழில்பேட்டையில் ஏ.சி. குழாய்கள் செய்யும் எங்கள் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில், இந்த ஆண்டு முதல் ஆகஸ்ட் மாத லீவைப் போக்கர் போட்டி வைத்துத் தீர்மானிக்கிறோம்.

ஆகஸ்ட் என்றால் இங்கே என்னவென்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் மூடியிருக்கும், வெயில் ஐம்பதைத் தொட்டுக்கொண்டு நிற்கும், குழாயில் 'குளிர்ந்த' தண்ணீரைத் திறந்தால் கை வெந்துபோகும். எல்லோரும் ஊருக்குப் போக நினைக்கிற மாதம் அது. ஆனால் எங்கள் பிரிவில் ஆகஸ்ட்டில் ஒருவர்தான் போகலாம் என்பது மேலாளர் வெங்கட்ராமன் சார் அறிவித்த விதி. அந்த விதியை யார் போட்டது என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்காமலிருப்பதுதான் எங்கள் பிரிவின் பண்பாடு.

ஏப்ரலில் சார் துபாயில் ஒரு ஹோட்டலுக்கு இரண்டு நாள் தலைமைப் பண்புப் பயிற்சிக்குப் போனார். கழுத்தில் அட்டை தொங்கத் திரும்பி வந்தார். வந்தவர் அட்டையைக் கழற்றாமலே எங்களைக் கூட்டினார்.

"வாழ்க்கைங்கறது செஸ் இல்ல. போக்கர்," என்றார். நாங்கள் குறித்துக்கொண்டோம்.

அன்றே 'வலுவான கை: துணிவின் மேலாண்மை' என்ற தலைப்பில் ஐம்பத்திரண்டு ஸ்லைடு போட்டுக் காட்டினார். சாரம் எளிமையானது. ஆளுக்கு இரண்டு சீட்டு ரகசியமாக வரும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு பின்னால் விழும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் காய்களைக் கட்டாயக் காணிக்கையாக வைத்தாக வேண்டும். நேரம் போகப் போகக் காணிக்கை ஏறும். ஆகவே சும்மா காத்துக்கொண்டிருப்பவனின் காய்கள் தாமாகக் கரையும். கையில் இரண்டு ஏஸ் வந்துவிட்டால் அதைவிடப் பெரிய ஜோடி கிடையாது. அப்போது கையிலிருக்கும் அத்தனையையும் நடுவில் தள்ள வேண்டும். அதற்குப் பெயர் ஆல்-இன்.

"ரெண்டு ஏஸ் வந்தா என்ன பண்ணணும்?"

"ஆல்-இன் சார்," என்றோம் ஒரே குரலில்.

"எதிராளி யாரா இருந்தாலும்?"

"யாரா இருந்தாலும் சார்."

"பயம்?"

"மாஃபி சார்," என்றோம், 'இல்லை' என்பதை அரபியில்.

இந்தப் பயிற்சியில் முதல் மதிப்பெண் வாங்கியவர் பன்னீர்செல்வம். பட்டுக்கோட்டைக்காரர், முப்பத்துநான்கு வயது, பிரம்மச்சாரி. பிரம்மச்சரியம் அவராகத் தேர்ந்ததல்ல. எங்கள் பிரிவு வழங்கியது. திருச்சியில் கணக்கு டீச்சராக இருக்கும் தாரிணியோடு நிச்சயமாகி, கல்யாணம் இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. தை முகூர்த்தத்தில் ஆடிட் வந்தது. வைகாசி முகூர்த்தத்தில் ஆடிட்டுக்கு ஆடிட் வந்தது. மூன்றாவதாக ஆவணியில் குறித்திருந்தார்கள். இதுவும் தவறினால் வேறு இடம் பார்ப்பேன் என்று பெண்ணின் அப்பா சொல்லியிருந்தார். ஆவணி, ஆகஸ்ட்டில் வருகிறது. ஆக, சொந்தக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை போவதா வேண்டாமா என்பது எங்கள் பிரிவில் சீட்டாடித் தீர்மானிக்கப்பட இருந்தது. இவ்வளவு பாரபட்சமற்ற முறை வேறெங்கே உண்டு?

ஜூனில் ஒரு சனிக்கிழமை மாலை, சாருடைய ஃபிளாட்டில் போட்டி. காசு வைத்து ஆடுவது இந்த நாட்டில் குற்றம்; எங்கள் கம்பெனியோ சட்டத்தை மதிப்பது. அதனால் காசுக்குப் பதில் கொண்டைக்கடலை. சாரின் மனைவி ஜலஜா மாமி ஆளுக்கொரு டம்ளர் அளந்து வைத்தார்.

"ஆடி முடிச்சதும் அப்படியே குடுத்துடுங்கோ. நாளைக்கு ஊறப் போடணும்," என்றார்.

தொடக்கத்திலேயே ஒரு சிறு சிக்கல். கொள்முதல் சரக்கைச் சோதிக்கும் சாதிக் பாட்ஷா, காயல்பட்டினத்துக்காரர், சீட்டைத் தொட மாட்டேன் என்றார்.

"காசு இல்லையே பாய். வெறும் கடலைதான்," என்றார் சார்.

"கடலைன்னாலும் சூது சூதுதான் சார். எனக்கு ஆகாது. எனக்கு லீவு வேணும், கேட்டு வாங்கிக்கிறேன்."

"கேட்டு வாங்கறதா? அப்புறம் போட்டி எதுக்கு?"

"அதத்தான் நானும் யோசிக்கேன்."

சார் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லா மதங்களையும் சமமாக மதிப்பவர். 'நம்பிக்கை காரணமாக ஆடாதவர், ஆடித் தோற்றவருக்குரிய எல்லா உரிமைகளையும் பெறுவார்' என்று அந்த இடத்திலேயே விதி செய்தார். சாதிக் பாட்ஷாவுக்குக் காபி கொடுத்து வாசல் பக்கம் நாற்காலி போட்டார்கள்.

ஆட்டம் தொடங்கியது. போட்டியின் செயலாளர் என்ற முறையில் நானும், மேலாளர் என்ற முறையில் சாரும் ஆடினோம். டிசைன் சரிபார்க்கும் எஞ்சினியர் இளவேனிலுக்கு இரண்டு ராஜா வந்தது. கற்றுத் தந்தபடி கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் கடலையையும் தள்ளினார். பன்னீர் ஒற்றை ஏஸோடு எதிர்த்தார். நடுவில் இன்னொரு ஏஸ் விழுந்து அந்தப் பெண்ணைக் கவிழ்த்தது. வலுவான கையும் சில நேரம் தோற்கும். அது ஆட்டத்தின் இயல்பு என்று இளவேனில் தோளைக் குலுக்கிவிட்டு எழுந்துபோனார். அவருக்கு இன்னும் தலைமைப் பண்பு போதவில்லை.

அடுத்து நான். என்னிடமும் நல்ல சீட்டுகள் வந்தன. ஆனால் அவை வந்த ஒவ்வொரு முறையும் சார் என்னைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். நான் சூழ்நிலையை ஆராய்ந்து, சீட்டைக் கவிழ்த்து அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்தேன். ஆராய்ந்து ஆராய்ந்தே என் டம்ளர் காலியானது.

கடைசியில் மிஞ்சியவர்கள் இருவர்: பன்னீர்செல்வமும் வெங்கட்ராமன் சாரும். பன்னீரின் பக்கம் கடலை மலையாகக் குவிந்திருந்தது. அவர் நெற்றியில் கல்யாணக் களையே வந்துவிட்டது.

சீட்டைப் போட்டது நான். பன்னீர் தன் இரண்டு சீட்டை நுனி தூக்கிப் பார்த்தார். பின்னால் நின்ற எனக்கும் தெரிந்தது. ஆர்ட்டின் ஏஸ், கிளாவர் ஏஸ். அவருடைய காது மடல் சிவந்தது. ஆனாலும் முறையாக, முதலில் பாதிக் கடலையை நடுவில் தள்ளினார்.

சார் தன் சீட்டைப் பார்த்தார். பன்னீரைப் பார்த்தார். பிறகு டம்ளரோடு எல்லாவற்றையும் நடுவில் வைத்தார்.

"ஆல்-இன்," என்றார். அப்புறம், மகனிடம் பேசுகிற குரலில், "பன்னீர், நன்னா யோசிச்சுக்கோ. அவசரமே இல்ல. அப்ரைஸலுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு," என்றார்.

இங்கேதான் சாதாரண ஆட்டக்காரனும் மகத்தான ஆட்டக்காரனும் பிரிகிறார்கள். உலகத்தில் வேறு எந்த மேஜையிலும் இரண்டு ஏஸ் வைத்திருப்பவன் மிச்சக் கடலையையும் தள்ளியிருப்பான். அதற்குச் சிந்தனை வேண்டாம், கைதான் வேண்டும். பன்னீரோ சிந்தித்தார். விசா யார் பெயரில் இருக்கிறது என்று சிந்தித்தார். அடுத்த வருட இன்கிரிமென்ட்டைச் சிந்தித்தார். தாரிணியையும் சிந்தித்திருப்பார், ஆனால் தாரிணி எதிரில் உட்கார்ந்திருக்கவில்லை.

"பன்னீரு, உங்க கையில என்னங்க இருக்கு?" என்று இளவேனில் மெதுவாகக் கேட்டார்.

"அது கெடக்கட்டும்," என்றார் பன்னீர். "சாரே சொல்லிட்டாருல்ல."

இரண்டு ஏஸையும் கவிழ்த்தார்.

சார் சிரித்துக்கொண்டே தன் சீட்டைத் திருப்பிக் காட்டினார். ஏழும் இரண்டும், வேறு வேறு ஜாதி. ஐம்பத்திரண்டு சீட்டில் அமையக்கூடிய மிக மட்டமான கை அது. அவருடைய ஸ்லைடிலேயே, 'இதைக் கண்டதும் கவிழ்க்கவும்' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்.

பாதிக் கடலை போன பின்பு மீதி நிற்குமா? சாருக்கு எதிராக மறுபடி துணியாத பன்னீரை, ஏறிக்கொண்டே போன காணிக்கை தின்றது. கடைசிக் கடலையை அவர் ஒரு நாலையும் ஒரு ஜாக்கியையும் நம்பி வைத்தார். அது போனதும் எல்லோரும் கை தட்டினோம்.

"நல்லவேளை ஜெயிச்சேள்," என்றார் ஜலஜா மாமி, கடலையை வழித்துக்கொண்டே. "ஓமன்ல, சலாலால மே மாசமே ரூம் போட்டாச்சு. ரீஃபண்ட் கிடையாதுன்னுட்டான். ஆகஸ்ட்டுலதானே அங்க சாரல்?"

மே மாதமே! போட்டி நடக்க ஒரு மாதம் இருக்கும்போதே முடிவைக் கணித்திருக்கிறார் என்றால் சாரின் தொலைநோக்கை என்னவென்று சொல்வது. சாதிக் பாட்ஷா மட்டும் வாசல் பக்கத்திலிருந்து, "மழ பாக்கப் போறாஹளா?" என்று கேட்டார்.

பன்னீரின் போன் மேஜையில் அதிர்ந்தது. 'போட்டிம்' என்ற ஆப்பில் அழைப்பு. தாரிணி.

"ஸ்பீக்கர்ல போடு. நானே பக்குவமா சொல்றேன்," என்றார் சார். "அம்மா தாரிணி, நான் வெங்கட்ராமன். பன்னீரோட மேனேஜர்."

"வணக்கம் சார். லீவு கெடச்சிருச்சா?"

"பன்னீர் இன்னிக்குப் பிரமாதமா ஆடினான்மா. ஃபைனல் வரைக்கும் வந்துட்டான்."

"எதுல சார்?"

செயலாளர் என்ற முறையில் நான் முறையை விளக்கினேன். கணக்கு டீச்சர் அல்லவா, குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"இவர் கையில ரெண்டு ஏஸ் இருந்துச்சு?"

"ஆமா."

"சார் கையில ஏழும் ரெண்டும்."

"இருக்கறதுலயே மோசமான கைம்மா அது," என்றார் சார் பெருமையோடு.

"நீங்க ஏங்க கவுத்தீங்க?"

பன்னீர் போனைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சார் ஆல்-இன்னு சொல்லிட்டாரு தாரிணி. அவரு மூஞ்சப் பாத்துக்கிட்டு எப்புடி..."

"சரி. வருஷத்துக்கு முப்பது நாள் லீவு உண்டுன்னு பொண்ணு பாக்க வந்தப்ப சொன்னீங்களே, அது நெசந்தானே?"

"நெசந்தான்."

"அப்ப அது உங்க லீவு. உங்க லீவையே நடுவுல வச்சு நீங்க எதுக்கு ஆடினீங்க?"

நாங்கள் நிமிர்ந்து ஏ.சி.யைப் பார்த்தோம். நாங்கள் செய்த குழாய் பொருத்தியது, நன்றாகவே ஓடியது.

"இது டீம் பில்டிங்மா," என்றார் சார்.

"சார், உங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஒண்ணுமில்லாத கைய வச்சுக்கிட்டு நீங்க எல்லாத்தையும் தள்ளினீங்க. இவருக்காக எங்கப்பாகிட்ட ரெண்டு தடவ சண்ட போட்டு முகூர்த்தத்தத் தள்ளி வச்சேன். இன்னொரு தடவ போட எனக்குத் தெம்பில்ல. வச்சிடறேங்க."

வைத்துவிட்டார். அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. இப்படிப்பட்டவர்கள் நம்மிடம் வேலைக்கு வருவதில்லை என்பது துறைக்குப் பெரிய இழப்பு.

பன்னீர் போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இளவேனில் எழுந்துபோய் அவர் தோளில் கை வைத்தார். சாதிக் பாட்ஷா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

சார்தான் நிலைமையைச் சமாளித்தார். தலைவர் என்றால் அதுதான். "தோல்விலதான் கத்துக்கணும். பன்னீரோட நிதானத்தை அப்ரைஸல்ல தனியா எழுதறேன்," என்றார். "அடுத்த வருஷம் போட்டியை இன்னும் பெரிசா பண்ணலாம். ஓணம், தீபாவளி, ரம்ஜான் லீவையும் சேர்த்துக்கலாம். யாரெல்லாம் ரெடி? கையத் தூக்குங்கோ பார்ப்போம்."

முதலில் தூக்கியது பன்னீர்செல்வம். அப்புறம், தரையைப் பார்த்தபடி, இளவேனில். நான் செயலாளர் என்பதால் உற்சாகத்தோடு இரண்டு கையையும் தூக்கினேன். வழிப்பறிக்காரன் முன்னால் அப்படித்தானே தூக்குவார்கள்.