ஏட்டம்மாவின் எக்கிய வயிறு

எக்கிகள் என்றொரு இனம் உண்டு. வயிற்றை உள்ளே எக்கிப் பிடித்தபடியே வாழ்ந்து காட்டுகிறவர்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று பெண்களிடம் கேட்டுப் பாருங்கள்; அவரவர் பார்க்கும் வேலைதான் பதில் சொல்லும். வாத்தியாரம்மா தொண்டையைத் தடவுவார். ஜவுளிக்கடைப் பெண் முழங்காலைக் காட்டுவாள். எக்கியோ பெல்ட்டைத் தொட்டுப் பார்ப்பாள்.

தென்காசி போலீஸ் ஸ்டேஷன் ஏட்டம்மா ஆனந்தவள்ளி அசல் எக்கி. அதிகாரி வந்தால் வயிறு உள்ளே போகும், ஜீப் சத்தம் கேட்டால் போகும், விசில் ஊதினால் போகும், புரோட்டாக் கடையில் இலை போட்டதும்கூட ஒருமுறை போய், சால்னாவைக் கண்டபின் மெல்லத் திரும்பி வரும். வீட்டில்? வீட்டில் கண்ணாடி இருக்கிறதே.

யூனிஃபார்முக்கு அளவு கொடுத்தபோதும் எக்கித்தான் நின்றாள். தைத்தது தம்பி மனைவி உமா மகேஸ்வரி, ஆலங்குளத்தில் தையல்கடை வைத்திருப்பவள். அவளுக்கு உடம்பு என்றால் இஞ்சு, அவ்வளவுதான். தன் ஜாக்கெட்டில் உள்தையலில் தாராளமாகத் துணி விட்டுவைத்து, சதை போட்டால் பிரித்துக்கொள்வாள், கவலையே கிடையாது.

“மதினி, மூச்ச விடுங்க. இப்படி நின்னா அளவு எப்படி எடுக்க?”

“போலீஸ்காரி அளவு இதான். எழுது.”

எழுதினாள், தைத்தாள். அன்றிலிருந்து டூட்டி நேரமெல்லாம் ஆனந்தவள்ளிக்கு அரை மூச்சுதான். முதுகும் பிடித்துக்கொண்டது, பாவம். சீசன் தவறாமல் குற்றால அருவியில் பெண்கள் பக்கம் காவலுக்கு நின்று ஊரையே குளிக்க வைத்தவளுக்கு ஒரே ஒரு ஆசை: ஒருநாளாவது முழு மூச்சு விட்டு அருவியில் நிற்க வேண்டும்.

இந்த ஆடிச் சாரலுக்கு லீவு கிடைத்தது. உமாவைக் கூட்டிக்கொண்டு, தொளதொள நைட்டியில் மெயினருவிக்குள் நுழைந்தாள். தண்ணீர் தோளில் விழுந்த வேகத்தில் வயிறு தானாக இறங்கி, இத்தனை வருஷம் எங்கே ஒளிந்திருந்தது என்று கேட்கும்படி வெளியே வந்து நின்றது. “ஏட்டி உமா, நல்லா இருக்கு” என்றபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு விசில்.

தடையை மீறி யாரோ சோப்புப் போட்டதற்காக, டூட்டியில் இருந்த சின்ன வயசுப் போலீஸ்காரி ஊதியது அது. ஏட்டம்மாவின் வயிறு சட்டென்று உள்ளே போனது, கைகள் அட்டென்ஷனில் விறைத்தன. உமா உலுக்கிப் பார்த்தாள்.

“லீவுலயுமா மதினி?”

போன வயிறு திரும்பவே இல்லை. பஸ் ஏறி வீடு வந்து சேரும்வரை அரை மூச்சுதான்.

சிரித்தது போதும். முதல் வரியில் ‘எக்கி’ என்று படித்ததுமே உள்ளே போன உங்கள் வயிறு இன்னும் வெளியே வரவில்லை. இங்கே அதிகாரி யாரும் இல்லை, விடுங்கள்.