‘சி ஷிப்ட்’ குழு தேறுமா, தேறாதா?

மத்திகிரி,
வெள்ளிக்கிழமை காலை.

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய அண்ணன் ரத்தினவேல் அவர்களுக்கு, தங்கை மோகனப்ரியா வணங்கி எழுதிக்கொள்வது.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, நான் பல் விளக்குவதற்கு முன்னால், ஒரு பழைய டூத் பிரஷ்ஷை எடுத்து உன் மாப்பிள்ளையின் மைக்குக்குப் பல் விளக்கிவிட்டேன். மைக்கின் வலைக்குள் சந்தனமும் குங்குமமும் மூன்று நாளாகக் காய்ந்து சிமெண்ட் மாதிரி இறுகிப் போயிருந்தன. அவை அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதைப் பிறகு சொல்கிறேன். இங்கே நானும் சுப்ரியாவும் சுகம். உன் மாப்பிள்ளை கழுத்துக்குக் கீழே சுகம். அங்கே நீயும் மதினியும் மாந்தோப்பும் சுகமாயிருக்க அந்த முருகன் துணை நிற்கட்டும்.

போன மாதம் நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன் என்று உனக்கு வருத்தம் இருக்கும். “மோகனா, ஜனவரியில நம்ம பேண்டுக்கு இருபத்தஞ்சு வருஷ விழாவாம், மாப்ள கூப்பிடுதாரு. நீ நெசத்தச் சொல்லு. இன்னும் நல்லா வாசிக்கானுவளா? நல்லா இருந்தா வாரேன். இல்லன்னா பழைய நெனப்போடயே இருந்துக்கிடுதேன், வந்து அதையும் கெடுத்துக்கிட வேண்டாம்” என்றாய். நீயோ போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவன். நான் இங்கே ஒரு வார்த்தை சொன்னால் அங்கே மதினிக்கும் கேட்கும், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்தவருக்கும் கேட்கும், காவேரிப்பட்டினம் சந்தையைச் சுற்றிக்கொண்டு அது மாலைக்குள் ஓசூருக்கே திரும்பி வந்துவிடும். அதனால்தான் கடிதம்.

நீ கேட்ட அதே கேள்வி இந்தப் பக்கத்திலிருந்தும் என் தலையில் வந்து விழுந்திருக்கிறது, அண்ணா. கம்பெனி விழாக் கமிட்டிக்குப் புதுச் செயலாளராக சிவராஜ் என்று ஒருவன் வந்திருக்கிறான். வயது இருபத்தெட்டு, பேச்சில் அவ்வளவு மரியாதை. “அக்கா, சாருங்க வாசிக்கறது எங்களுக்கு ரொம்பப் பெருமை. ஆனா பசங்க டிஜே கேக்கறாங்க. இந்தத் தடவை ஆயுத பூஜைக்கு அரை மணி நேரம் குடுக்கறோம், அடுத்த வருஷத்தை அப்புறம் பாத்துக்கலாம்” என்று என்னிடம்தான் வந்து சொன்னான், அவர்களிடம் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. நான் வீட்டில் சொன்னதும் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி, அதாவது உன் மாப்பிள்ளை, முனிராஜ், கோபி மூவரும் ஆம்ப்ளிபயர் மேல் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்து, ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆயுத பூஜைக் கச்சேரியை மோகனா கேட்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முனிராஜ் கொட்டகையில் அவள் தீர்ப்பு சொல்லட்டும். தேறும் என்றால் தொடருவோம், காலம் முடிந்துவிட்டது என்றால் ஜனவரி விழாவையும் ரத்து செய்துவிட்டு அன்றைக்கே கிடாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவோம். நான் எதற்கு என்று கேட்டேன். “இருவது வருஷமா குவாலிட்டில இருக்க. உன் கையெழுத்து இல்லாம ஒரு பீஸ் கம்பெனி கேட்டத் தாண்டாது. எங்க மூணு பேர மட்டும் ஏன் சும்மா விடுத?” என்றார் உன் மாப்பிள்ளை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தபோது அவர் முகத்தை நான் பார்த்தேன். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாங்கக் கவுண்டரில் நிற்பவர் முகம் அது.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் சி ஷிப்டில், அதாவது ராத்திரி ஷிப்டில், ஒன்றாக வேலை பார்த்த நாலு பேர் சேர்ந்து ராக் பேண்டு ஆரம்பித்து, அதற்கு ‘சி ஷிப்ட்’ என்றே பேரும் வைத்தீர்கள். நீ டிரம்ஸ், முனிராஜ் கிடார், கோபி கீபோர்டு, அவர் பாட்டு. பயிற்சி முடிந்து சாப்பிட நம் வீட்டுக்கு அவரைக் கூட்டிவந்தாய், பலன் எனக்குக் கல்யாணம். உங்கள் கச்சேரி ஒன்றைக்கூட நான் தவற விட்டதில்லை, சுப்ரியா வயிற்றில் இருந்தபோதுகூட. அதனால் தீர்ப்பு சொல்லத் தகுதி இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது. மனசு இருக்கிறதா என்று கேட்காதே.

நான் முறைப்படிதான் ஆரம்பித்தேன். கச்சேரிக்கு முந்தின ஞாயிறு முனிராஜ் கொட்டகைக்குப் போனேன். பழைய மாட்டுக்கொட்டகைதான், பாதியில் மாடு, பாதியில் பேண்டு. முனிராஜ் பெண்டாட்டி பூவம்மாள் பால் கறந்துகொண்டிருந்தாள். எப்படி வாசிக்கிறார்கள் என்று அவளைக் கேட்டேன். “என்னத்தக்கா சொல்றது, அப்பல்லாம் இவங்க ஆரம்பிச்சா மாடு கயித்த அத்துக்கினு ஓடும். ரெண்டு மாட்ட பாகலூர் ரோட்ல போயி புடிச்சிக்கினு வந்தன். இப்ப பாரு, படுத்துக்கினு அசை போடுது. பாலு வேற அரை லிட்டர் கூட வருது” என்றாள். உள்ளே இருந்து முனிராஜ், “ஏய், சும்னிரு!” என்று கன்னடத்தில் கத்தினான். அவள் தெலுங்கில் ஏதோ பதில் கொடுத்தாள். மாடு எந்த மொழிக்கும் எழுந்திருக்கவில்லை. ஒரு ராக் பேண்டைப் பற்றி இதைவிடக் கடுமையான விமரிசனத்தை எந்தப் பத்திரிகையும் எழுதியிருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

சுவரில் ஒரு சார்ட் தொங்கியது. கம்பெனியில் ஒரு மெஷின் நின்றால் ‘ஏன், ஏன்’ என்று ஐந்து தடவை கேட்டு எழுதி மூல காரணத்தைப் பிடிப்போமே, அதையே இந்த மகானுபாவர்கள் தங்களுக்கும் போட்டு வைத்திருக்கிறார்கள். ‘பதினஞ்சு நிமிஷ டீ’ பாட்டு அந்தக் காலத்தில் நாலு நிமிஷம், இப்போது ஆறரை. ஏன்? பாடுகிறவருக்கு மூச்சு வாங்குகிறது. ஏன்? தொப்பை. ஏன்? உட்கார்ந்த வேலைக்கு மாற்றிவிட்டார்கள். கோபி பத்தியில், கை வலி, அதனால் (உன் டிரம்ஸுக்குப் பதிலாக ஓடுகிற) ரிதம் மெஷினில் வேகத்தைக் குறைத்தோம். முனிராஜ் பத்தியில், விரல் நடுக்கம், மாத்திரை. பிறகு வாசித்துக்கொண்டே வந்தால், அண்ணா, மூன்று பத்தியிலும் ஐந்தாவது ‘ஏன்’ என்ற கேள்விக்குக் கீழே ஒரே பதில்தான் எழுதியிருக்கிறது. மூன்று பேர் கையெழுத்தில், மூன்று வேறு பேனாவில். ‘ரத்தினவேல் போயிட்டான்.’ தொப்பைக்கும் நீதான் காரணமா என்று உன் மாப்பிள்ளையைக் கேட்டேன். “மச்சான் இருந்தா நான் இப்படி உக்காந்து தின்னுட்டிருக்க விட்டிருப்பாரா?” என்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது.

இனிக் கச்சேரி. பூஜை லீவுக்கு முந்தின நாள் மதியம் ஷாப் ப்ளோரில் பூஜை. மெஷினுக்கெல்லாம் பட்டை போட்டுப் பொட்டு வைத்து வாழைக்கன்று கட்டி முடித்ததும், சந்தனக் கிண்ணம் மிச்சம் இருக்கிறதே என்று இவர்கள் தங்கள் சாமான்களையும் கொண்டுவந்து பிரஸ் மெஷின் பக்கத்தில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். இந்த வருஷம் வாழ்வா சாவா என்பதால் பக்தி கொஞ்சம் அதிகம். உன் மாப்பிள்ளை மைக்குக்கு ஒரு கைப்பிடிச் சந்தனம் அப்பினார். முனிராஜ் கிடாரின் ஆறு கம்பிக்கும் ஆறு பொட்டு வைத்தான். கோபி செய்ததுதான் உச்சம். வண்டிக்குப் பூஜை போட்டால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோமா இல்லையா? பேண்டுக்குச் சக்கரம் எது என்று அவன் யோசித்திருக்கிறான். ஓடுவது ரிதம் மெஷின்தான் என்று முடிவு செய்து, அதன் தலைமேல் எலுமிச்சம்பழத்தை வைத்து, குங்குமம் தடவி, உள்ளங்கையால் ஒரே அழுத்து. சாறு முழுவதும் பொத்தான் சந்துக்குள் போனது. “நல்ல சகுனம், சுத்தமா உள்ள எறங்கிடுச்சு” என்றான்.

நாலு மணிக்கு மேடை. உன் மாப்பிள்ளை “வணக்கம் ஓசூர்!” என்று கத்தினார், சந்தனம் அடைத்த மைக்கில் அது கிணற்றுக்குள்ளிருந்து யாரோ உதவி கேட்பது மாதிரி வந்தது. கோபி பொத்தானை அமுக்கினான். எலுமிச்சைச் சாறு உள்ளே என்ன செய்ததோ தெரியாது, மெஷின் அவன் வைத்த வேகத்தில் ஓடவில்லை. ரெண்டு மடங்கு வேகத்தில் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. நிறுத்தப் பார்த்தால் பொத்தான் ஒட்டிக்கொண்டது. மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு வேறு வழி இல்லாமல் அதன் பின்னாலேயே ஓடினார்கள், பஸ்ஸைத் துரத்துகிற மாதிரி. முதல் சரணத்தில் உன் மாப்பிள்ளை முழு வரியும் பாடினார், ரெண்டாவதில் வரிக்கு ஒரு வார்த்தை, மூன்றாவதில் வாயை மட்டும் திறந்தார். முனிராஜ் சந்தனம் வழுக்கி வேறு ஏதோ ஒரு பாட்டுக்கே போய்விட்டுத் திரும்பி வந்தான். பக்கத்தில் சுப்ரியா, “அம்மா, அப்பா நல்லாத்தான் பாடறாரு. பாட்டுதான் அவர விட்டுட்டு முன்னாடி போயிடுச்சு” என்றாள். பெற்ற பெண்!

ரெண்டாவது பாட்டு நடுவில் மெஷின் உயிரை விட்டது. திடீரென்று அமைதி. மூன்று பேரும் மேடையில் நிற்கிறார்கள், உன் மாப்பிள்ளை இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்குகிறார், சிவராஜ் ஓரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். அப்போது பிரஸ் ஷாப் ஆட்கள் கை தட்ட ஆரம்பித்தார்கள். தாளம் கொடுக்கிறார்களாம். அவர்கள் தட்டினது பிரஸ் அடிப்பது மாதிரி டமால் டமால் என்று இருந்தது. மற்றவர்களும் சேர்ந்தார்கள். பெயிண்ட் ஷாப் ஒரு வேகம், கேண்டீன் ஒரு வேகம், ஸ்டோர்ஸ் ஆட்கள் வழக்கம்போல எல்லோரும் கொடுத்து முடித்த பிறகு கொடுத்தார்கள். அந்தக் குழப்பத்தில் எப்படியோ பாட்டை முடித்தார்கள். கீழே இறங்கி வந்து உன் மாப்பிள்ளை, “எப்படி?” என்று சைகையில் கேட்டார், குரல் வரவில்லை. வேர்வையில் நனைந்து, நெற்றிச் சந்தனம் மூக்கில் வழிந்து, இருபத்தாறு வயசில் நம் வீட்டு வாசலில் நின்ற மாதிரியே ஒரு சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மூன்று நாளாக யோசித்து எழுதுகிறேன். கேட்டது நன்றாக இல்லை, அண்ணா. எலுமிச்சம்பழத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் நன்றாக இல்லை. சுருதி இறங்கிவிட்டது, வேகம் போய்விட்டது, மாடுகூட நம்பவில்லை. அவர்கள் உச்சத்தில் இருந்த காலம் முடிந்துவிட்டது. அது எப்போது முடிந்தது என்றும் எனக்குத் தெரியும். நீ தோப்பு வாங்கினதால் விட்டுப் போனாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் கடைசிக் கச்சேரியில் நான் முன் வரிசையில் இருந்தேன். ஒரு இடத்தில் உன் கை தவறியது. வேறு யாருக்கும் தெரியவில்லை. நீ மட்டும் குச்சியைப் பார்த்தாய். மறுவாரம் தோப்பு பார்க்கக் கிளம்பிவிட்டாய். ஒரே ஒரு அடி தவறினதுக்கு நீ போனாய், அரை மணி நேரம் முழுக்கத் தவறிவிட்டு இவர்கள் எப்படி என்று கேட்கிறார்கள். இதில் யார் பெரிய கலைஞன் என்று என்னைக் கேட்காதே, நான் போல்ட்டும் நட்டும் பார்க்கிறவள்.

ஆகவே என் பதில்: வராதே. பழைய நினைப்போடு இரு. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கும் இதையே சொல்லிவிடப் போகிறேன், நல்ல வார்த்தையாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பேச்சியம்மாள் மதினிக்கு என் வணக்கம். கால் வீக்கத்துக்கு உப்பைக் குறைக்கச் சொல். சுப்ரியா மாமாவுக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள். உன் தோப்பு காய்த்துக் குலுங்கட்டும், உனக்கு எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மேல் என்றும் மாறாத அன்புள்ள தங்கை,
மோகனா.

பின்குறிப்பு: மதினி பக்கத்தில் இருந்தால் இதுவரை சத்தமாகப் படித்துவிட்டு, இதற்கு மேல் மனசுக்குள் படி. கையெழுத்துப் போட்டுவிட்டு மேலே எழுதினதை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். எல்லாம் உண்மைதான், ஒன்றுகூடத் தப்பில்லை, ஆனால் அந்தக் கொட்டகையில் நின்று அந்த மூன்று முகத்துக்கு முன்னால் இதை என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் போவதில்லை. கம்பெனியிலும் அளவு தப்பின பீஸையெல்லாம் நாங்கள் தூக்கிப் போடுவதில்லை, ஓடுமா என்று பொருத்திப் பார்ப்போம். நாலு பாகத்தில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு தேறாது என்று எழுதினால் என் கையெழுத்துக்கு என்ன மரியாதை? அதனால் இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. நாளை காலை கிருஷ்ணகிரி பஸ் ஏறி நானே கொண்டுவந்து உன் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைத்து, ஞாயிறு காலைக்குள் உன்னை முனிராஜ் கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தப் போகிறேன். கை தவறினால் தவறட்டும். உன் மாப்பிள்ளைக்குக்கூட இது தெரியாது. துணிக்கடைக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.