ஒரு கிழங்கைக்கூட எறிய மாட்டேன்

"உன் கைக்குச் செடி வராதும்மா. அதே லில்லி எங்க வீட்டுல பூத்துக் குலுங்குது. உனக்குக் குடுத்தேன் பாரு, வெறும் இலை!"

நாத்தனார் போனை வைத்த மறுநிமிடம் கணக்கு டீச்சர் மண்வெட்டியைத் தூக்கிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை அக்கா வர்றா. இப்பப் போய்த் தோண்டணுமா?" என்றார் கணவர்.

"வரட்டுமே! என் கைக்கு என்ன வரும்னு அண்ணியே நேர்ல பாக்கட்டும்."

ஜன்னலடிப் பாத்தியில் இரண்டு வருடமாக ஒரு மொட்டுகூட இல்லை. தோண்டியதும் காரணம் தெரிந்தது. மூச்சுவிட இடமில்லாமல் கிழங்குகள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு கிடந்தன. பிரித்து நட்டால் தீர்ந்தது என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தாய்க்கிழங்கைப் பிட்டால் பக்கத்தில் ஒரு குட்டி, குட்டியைப் பிட்டால் அதற்கும் ஒரு குட்டி. காலமெல்லாம் வகுத்தல் சொல்லிக்கொடுத்தவள், வகுக்க வகுக்கப் பெருகுகிற கணக்கை அன்றுதான் பார்த்தாள்.

ஒரு சாண் இடைவெளி விட்டு நட்டாள். பாத்தி நிரம்பிவிட்டது. குவியலோ குறைந்ததாகவே தெரியவில்லை.

"மிச்சத்தைக் குப்பையில போட்டுடேன்."

"ஒண்ணைக்கூட எறிய மாட்டேன். அதுவும் உசிருதாங்க!"

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் ஒரு பை நிறையக் கொடுத்தாள். அவள் வாங்கிக்கொண்டு, "சும்மா வாங்கறது நல்லா இருக்காது டீச்சர்" என்று ஒரு கூடை கற்றாழைக் கன்றுகளைத் திருப்பிக் கொடுத்தாள். கிழங்குக் குவியல் பாதி அப்படியே நின்றது. கற்றாழை முழுசாக வந்து சேர்ந்தது.

அப்புறம் வீட்டிலிருந்த பாத்திரங்களுக்குக் கஷ்டகாலம் தொடங்கியது. பக்கெட்டுக்குள் மண் ஏறியது. துணி ஊறவைக்கும் டப்புக்குள் ஏறியது. கணவரின் பழைய ஹெல்மெட்டும் தப்பவில்லை.

"நான் எதுலதான் குளிக்கறது?"

"குழாயடியில குனிஞ்சுக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. நாத்தனார் இறங்கி உள்ளே வந்தாள். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. சோபாவின் மேல்கூட ஒரு தொட்டி உட்கார்ந்திருந்தது.

டீச்சர் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"பாத்தீங்களா அண்ணி? செடி வராத கைதான் இவ்வளவையும் பிரிச்சு நட்டுச்சு. பூக்கறப்ப பூக்கட்டும், எனக்கு அவசரமில்ல. யாரும் இனிமே என் கையைப் பத்திப் பேச வேண்டாம். இந்தாங்க, இந்த மூட்டை உங்களுக்கு!"

நாத்தனார் இரண்டடி பின்வாங்கினாள். முகம் வெளுத்துவிட்டது. வாசலில் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தாள். பத்து வருடத்தில் முதல்முறையாக டீச்சருக்கு உச்சி குளிர்ந்தது.

அதற்குள் கார் டிரைவர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அம்மா, உங்க வீட்டுல பூக்கவே மாட்டேங்குது, தம்பி வீட்டுல தள்ளிவிட்டுடலாம்னு ஏத்தினீங்களே கிழங்கு மூட்டை, அந்த ரெண்டையும் எங்க இறக்கட்டும்?"