பிள்ளையாருக்குக் கீழே பஜ்ஜி

சோம்பலுக்காக இவ்வளவு பாடுபட்ட மனிதர், விருத்தாசலத்தில் ஒருவரிக்காரரைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது. எழுதியதையே மறுபடி எழுதுவது அவருக்குப் பாவம். அதைத் தவிர்க்க மூன்று நாள் சாப்பிடாமல் யோசிப்பார்.

பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைகளுக்கு வைக்கோல் சுற்றுவது என் வேலை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய காலம். பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அவர்தான் எங்கள் கம்பெனியோடு சேர்த்து ஏழு கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்துகொடுத்தார். ஏழுக்கும் ஒரே விலைப்பட்டியல். அதைப் புதுச்சேரிச் சிநேகிதர் ஒருவரின் சைட்டில் வைத்திருந்தார்.

“ஏழு எடத்துல எதுக்குண்ணே எழுதணும்? ஒரே ஒரு வரி. அது அங்க ஓடிப்போயி பட்டியல எடுத்தாந்து ஒட்டிடும்” என்பார். அந்த ஒரு வரியால்தான் அவருக்கு அந்தப் பட்டப்பெயர். அஞ்சாவதோடு நின்ற எனக்கே புரிந்தது. எனக்குப் பேசக் கூச்சம். அவருக்கோ கேட்க ஆள் வேண்டும்.

கொலு சமயம். பெங்களூர்க் கடைக்காரர் சைட்டைப் பார்த்து ஆர்டர் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்த வருஷம் எங்களுக்குச் சூளையில் வேலை இல்லை. போன் வந்தது. முதலாளி முகம் செங்கல் நிறமானது.

“பிள்ளையாருக்குக் கீழ வாழக்கா பஜ்ஜி நானூறுன்னு இருக்குதாம்! கிருஷ்ணருக்குக் கீழ கேசரியாம்! சாயங்காலம் வரைக்கும்தான் டைமு. அந்தாள கூட்டிட்டு வாய்யா!”

நடந்தது இதுதான். சிநேகிதருக்குக் கல்யாணம். பந்திப் பட்டியலை, எங்கள் விலைப்பட்டியல் இருந்த அதே பெயரில் தன் சைட்டில் ஏற்றிவிட்டார், பழையது அழிந்துபோனது. அந்த ஒரு வரி வழக்கம்போல் போய், இருந்ததை எடுத்து வந்திருக்கிறது. மாப்பிள்ளை போனை எடுக்கவில்லை. புடவைக் கடையில் இருந்தாராம்.

“உங்கிட்ட நகல் இல்லியா?” என்று வந்து நின்ற ஒருவரிக்காரரை முதலாளி கேட்டார்.

“அங்கதான் இருக்குதேன்னு வச்சுக்கலைங்க.”

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒருவரிக்காரர் என் பக்கம் திரும்பினார். “அண்ணே, உங்களுக்கு வெல தெரியுமா?”

தெரியும். விலைச் சீட்டு ஒட்டுவதும் நான்தான். நான் சொல்லச் சொல்ல அவர் டைப் அடித்தார். பிறகு ஏழு சைட்டிலும் தனித்தனியாக ஏற்றினார். மொட்டை போட உட்கார்ந்தவர் மாதிரி இருந்தது முகம். ஐந்து மணிக்கு ஆர்டர் வந்தது.

மறுவாரம், அந்தக் கல்யாணத்துக்குப் பரிசாக ஒரு பொம்மை வேண்டுமென்று வந்து நின்றார்.

“நம்ம பொழப்புல மண்ணள்ளிப் போடப் பாத்தவனுக்குப் பொம்மையா?” என்று முதலாளி கத்தினார்.

“அவரு எடம், அவரு எழுதுனாருங்க. எட்டிக்கூடப் பாக்காம நம்பி வுட்டது நாந்தானுங்க.”

முதலாளி முனகிக்கொண்டே ஒரு ராதாகிருஷ்ணனை எடுத்துக் கொடுத்தார். அதற்கு நான் இரண்டு சுற்று வைக்கோல் கூடுதலாக வைத்துக் கட்டினேன். பஸ்ஸில் அதைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு போவார் என்று தெரிந்தும்.